ஃபாரஸ்டரில் கியர் ஆயில் ஒழுகுகிறதா? கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன்

கேள்வி சுருக்கமாக இது: கனடாவில் ஓடும் 2002 சுபாரு ஃபாரஸ்டர், 2.5 லிட்டர், டர்போ இல்லாதது, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் பானெட் பக்கம் கருகிய நாற்றம். காலையில் பார்த்தால் முன் வலது சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் தரையில் எண்ணெய்ப் பொட்டுகள். கராஜில் காட்டியதற்கு "கியர் ஆயில் லீக், கியர்பாக்ஸை இறக்கணும்" என்று சொல்லி, காரின் விலைக்கே பக்கத்தில் வரும் ஒரு தொகையையும் சொல்லியிருக்கிறார்கள். இறக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன இடத்தில் ஒழுகுவது உண்மையிலேயே கியர் ஆயில் என்றால், பெரும்பாலும் அது முன் ஆக்சில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வளையம், அதாவது சீல். அதை மாற்ற கியர்பாக்ஸ் கீழே வரவேண்டியதில்லை. ஆனால் அது கியர் ஆயில்தானா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது, உங்கள் கராஜ்காரர் உட்பட. நாற்றத்தையும் பொட்டையும் மட்டும் வைத்துச் சொல்லியிருக்கிறார் என்றே தோன்றுகிறது.

முதலில் இந்தக் காரில் எந்த எண்ணெய் எங்கே இருக்கிறது என்று மனதில் படம் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அப்புறம் சொல்வதெல்லாம் குழப்பும். சுபாருவில் எஞ்சின் நெடுக்கு வாட்டில் உட்கார்ந்திருக்கும், அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ். முன் டிஃபரன்ஷியல், அதாவது இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி, தனியாகத் தொங்காது, கியர்பாக்ஸின் உறைக்குள்ளேயே, எஞ்சினை ஒட்டிய முன்பகுதியில் இருக்கிறது. மேனுவல் வண்டியில் கியர்பாக்ஸுக்கும் முன் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே எண்ணெய், சுமார் 3.5 லிட்டர். ஆட்டோமேட்டிக்கில் ஒரே உறைக்குள் இரண்டு அறைகள்: ஒன்றில் ஏ.டி.எஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான எண்ணெய்), இன்னொன்றில் முன் டிஃபரன்ஷியலுக்கான கியர் ஆயில், சுமார் 1.2 லிட்டர்தான். பின் டிஃபரன்ஷியல் முற்றிலும் தனி, அதில் சுமார் 0.8 லிட்டர். இந்த அளவுகளைக் கவனியுங்கள். எஞ்சினில் 200 மில்லி குறைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, பின் டிஃபரன்ஷியலில் அதே 200 மில்லி குறைந்தால் கால்வாசி போய்விட்டது. "ஒரு சொட்டு ரெண்டு சொட்டுதானே" என்று விடக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, ஒழுகுவது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரவில் காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள், அதில் சக்கரங்கள் இருக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அட்டையை எடுத்து விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலை ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க மாட்டார். பற்கள் ஒன்றையொன்று அழுத்தித் தேய்வதைத் தாங்க அதில் கந்தகக் கலவை சேர்த்திருப்பார்கள், அந்த நாற்றம் சட்டையில் பட்டால் துவைத்தும் போகாது. எஞ்சின் ஆயில் கறுப்பாக, இளகலாக இருக்கும், கந்தக வாடை இருக்காது. ஏ.டி.எஃப் புதிதாக இருக்கும்போது சிவப்பு, பழசானால் பழுப்பு, அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், மூக்கை நம்புங்கள். சந்தேகம் இருந்தால் டிப்ஸ்டிக்கில் இருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வைத்து, ஒழுகிய சொட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இந்த வண்டியில் கியர் ஆயில் லீக் என்று தப்பாகச் சொல்லப்படும் விஷயங்கள் மூன்று உண்டு. மூன்றுமே உங்கள் அறிகுறிகளோடு பொருந்தக்கூடியவை.

வலது பக்க ஆக்சிலின் உள் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் முதலாவது. சைலன்ஸர் குழாயும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அதற்கு மிக அருகில் போவதால் சூட்டில் அந்த பூட் மற்றவற்றைவிடச் சீக்கிரம் வெடிக்கும். வெடித்தால் உள்ளிருக்கும் கிரீஸ் சுழன்று தெறித்து, சூடான குழாயில் பட்டுப் புகையும், நாற்றமும் அடிக்கும். கிரீஸ் என்பதால் தரையில் அவ்வளவாகச் சொட்டாது, குழாயைச் சுற்றி அரைவட்டமாக வாரி இறைத்தது போல் இருக்கும். இரண்டாவது, எஞ்சினின் வால்வ் கவர் கேஸ்கெட். இந்த வண்டியின் பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடப்பதால் வால்வ் கவரின் கீழ் விளிம்பில் கசியும் எண்ணெய் நேராக எக்ஸாஸ்ட் மேல்தான் விழும். சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாக வரும் கருகிய நாற்றம் பல ஃபாரஸ்டர்களில் இதுதான். மூன்றாவதுதான் உங்கள் கராஜ்காரரை ஏமாற்றியிருக்கலாம் என்று நினைக்கிறேன்: எஞ்சினின் பின்பக்கம் இருக்கும் செப்பரேட்டர் பிளேட் என்ற மூடித் தகடு. அந்தக் காலத்து சுபாரு எஞ்சின்கள் பலவற்றில் இது பிளாஸ்டிக்கில் வந்தது, காலப்போக்கில் நெளிந்து எஞ்சின் ஆயிலைக் கசியவிடும். அது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டும். அடியிலிருந்து பார்ப்பவருக்குக் கியர்பாக்ஸ் ஒழுகுவது மாதிரியேதான் தெரியும். அப்படியே இருந்தாலும் அதற்கு இந்த வண்டியில் எஞ்சினை வெளியே தூக்குவதுதான் பலருக்குச் சுலபம், கியர்பாக்ஸை இறக்குவது இல்லை.

நியாயத்துக்கு இதையும் சொல்லிவிட வேண்டும். பெல் ஹவுசிங்கின் அடியில் வருவது நிச்சயமாகக் கந்தக நாற்றமுள்ள கியர் ஆயில்தான் என்றால், உள்ளே டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் விசையை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பக்கத்து சீல் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்தே ஆகவேண்டும், கராஜ்காரர் சொன்னது சரி. அங்கேயே சிவப்பாக வந்தால் அது ஏ.டி.எஃப், அதற்கும் அதே வேலைதான்.

இப்போது இடத்தைக் கண்டுபிடிப்பது. அடிப்பக்கம் முழுக்க எண்ணெயும் உப்புத் தூசியும் அப்பியிருக்கும் நிலையில் எவ்வளவு பெரிய நிபுணராலும் எதுவும் சொல்ல முடியாது. கழுவித்தான் ஆகவேண்டும். டிகிரீஸர் அடித்து, தூரிகையால் தேய்த்து, தண்ணீர் விட்டு, கடைசியில் பிரேக் கிளீனரால் துடைத்து உலர விடுங்கள், பிரேக் கிளீனரை ரப்பர் பூட் மேல் பாய்ச்ச வேண்டாம், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தெளிக்கவே வேண்டாம். பிறகு ஒரு சின்ன ஓட்டம் ஓட்டிவிட்டு உடனே பாருங்கள். ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும், புவியீர்ப்பு கீழே தள்ளும், ஆகவே மிக ஈரமாக இருக்கும் இடம் லீக் இல்லை, ஈரத்தின் முன் எல்லையும் மேல் எல்லையும் சந்திக்கும் இடம்தான் லீக். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு ஓட்டிப் பாருங்கள், கசிவு கோடு போட்டது போல் தெரியும். அதைவிட நல்லது புற ஊதா சாயம். கியர் ஆயிலுக்குச் சேர்க்கும் சாயத்தை முன் டிஃபரன்ஷியலில் மட்டும் கொஞ்சம் ஊற்றி, சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக மின்னும். மின்னினால் முன் டிஃபரன்ஷியல் எண்ணெய், மின்னாவிட்டால் வேறு ஏதோ. கராஜில் வாதாடுவதற்கு இதைவிடப் பலமான சாட்சி கிடையாது.

சாயம் ஊற்றும் முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் இரண்டு டிப்ஸ்டிக் உண்டு என்பது இந்தக் காரை வருஷக்கணக்காக ஓட்டுபவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இடது பக்கம், பேட்டரி இருக்கும் பக்கத்தில் இருப்பது ஏ.டி.எஃப். முன் டிஃபரன்ஷியலுடையது வலது பக்கம், எஞ்சினுக்குப் பின்னால் ஆழத்தில், கைவிட்டுத் தேடினால்தான் கிடைக்கும். சமதளத்தில் நிறுத்தி, துடைத்து, விட்டு எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் சந்தேகம் பலப்படுகிறது. ஆனால் அளவு கூடியிருந்தால் கதையே வேறு. இரண்டு அறைகளையும் பிரிக்கும் உள் சீல்கள் தேய்ந்தால் ஏ.டி.எஃப் முன் டிஃபரன்ஷியலுக்குள் புகும், அங்கே அளவு ஏறும், எண்ணெய் நீர்த்துச் செம்பழுப்பாக மாறும், இடம் போதாமல் காற்றுத்துளை வழியாகவும் சீல்கள் வழியாகவும் வெளியே வரும். அந்த நிலையில் வெளியே இருக்கிற சீலை மாற்றினால் காசு வீண், திரும்பவும் ஒழுகும். யாராவது அளவுக்கு மேல் ஊற்றிவிட்டாலும் இதே அறிகுறிதான், அதனால் எப்போது யார் எண்ணெய் மாற்றினார்கள் என்று பழைய பில்களைத் தேடிப் பார்ப்பது நல்லது.

பில் பற்றிப் பேசும்போது இன்னொன்று. அவசர ஆயில் சேஞ்ச் கடைகளில் சுபாரு ஆட்டோமேட்டிக்குக்கு அடிக்கடி நடக்கும் விபத்து, எஞ்சின் ஆயில் பிளக் என்று நினைத்துக் கியர்பாக்ஸ் பக்கத்துப் பிளக்கைக் கழற்றிவிடுவது. எஞ்சினில் ஏற்கெனவே இருந்த எண்ணெயின் மேல் புது எண்ணெய், கியர்பாக்ஸ் காலி. லீக் தொடங்கியது ஆயில் மாற்றிய பிறகுதான் என்றால் முதலில் பிளக்குகளையும் அவற்றின் வாஷர்களையும் பாருங்கள். நசுங்கின பழைய வாஷரையே திரும்பப் போட்டாலும் கசியும். அதுதான் காரணம் என்றால் ஒரு வாஷர் விலையில் வேலை முடிந்தது.

இப்போது ஆக்சில் சீல்தான் என்று உறுதியானது என்று வைத்துக்கொள்வோம்.

வேலையின் வடிவம் இப்படி: முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எண்ணெயை வடித்து, ஆக்சிலைக் கியர்பாக்ஸ் பக்கமிருந்து விடுவித்து, பழைய சீலை எடுத்து, புதியதை உட்கார வைத்து, எல்லாவற்றையும் பூட்டி எண்ணெய் ஊற்றுவது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், எக்ஸாஸ்ட் முழுக்க ஆறட்டும். வடிப்பதற்கு முன்னால், நிரப்பும் வழி திறக்கிறதா என்று பாருங்கள். முன் டிஃபரன்ஷியலில் டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே ஊற்றலாம் என்பதால் பிரச்சினை இல்லை, பின் டிஃபரன்ஷியலில் இது முக்கியம், கீழ்ப் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

இந்தத் தலைமுறை வண்டியில் ஆக்சிலின் உள் ஜாயிண்ட், டிஃபரன்ஷியலில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பல்வரி போட்ட சிறு தண்டின் மேல் ஏறி, குறுக்கே செருகிய ஒரு உலோக ஊசியால் (பின்) பூட்டப்பட்டிருக்கும். பின்னைப் பஞ்ச் வைத்துத் தட்டி எடுங்கள், துளையின் ஒரு பக்கம் சற்று அகலமாகச் சரித்திருக்கும், அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொண்டால் திரும்பப் போடும்போது சுலபம். துளை பல்வரிக்கு நேர் நடுவில் இருக்காது, அதனால் அரைச்சுற்றுத் திருப்பி மாட்டினால் துளைகள் கிட்டத்தட்ட சேருவது போலத் தெரியும் ஆனால் பின் போகாது. அங்கே சுத்தியலால் பலத்தைக் காட்டாதீர்கள், ஜாயிண்டைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். பிறகு வந்த மாடல்களில் பின் கிடையாது, ஆக்சிலே உள்ளே போய் ஒரு வளையத்தில் கொக்கி போட்டு நிற்கும், கம்பி வைத்து நெம்பி எடுக்க வேண்டும்.

ஆக்சிலை வெளியே இழுக்க இடம் வேண்டும் என்றால் சக்கரத்தைத் தாங்கும் முட்டுப்பகுதியை (நக்கிள்) வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். கீழ் பால் ஜாயிண்டைக் கழற்றலாம், ஆனால் சாலையில் உப்பு போடுகிற ஊரில் அந்தப் பிஞ்ச் போல்ட் துருவேறி உடைவது சர்வசாதாரணம். நான் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) இரண்டு போல்ட்டுகளைக் கழற்றுகிற பக்கம்தான். மேல் போல்ட்டில் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, சரிசெய்யும் குறி இருக்கும், கழற்றும் முன் அது நிற்கும் இடத்தைப் பெயிண்டால் குறிக்காவிட்டால் டயர் ஒரு பக்கம் தேயும், அலைன்மெண்டுக்கும் செலவழிக்க வேண்டிவரும்.

இனிதான் விஷயமே. சீல் உட்கார்ந்திருப்பது கியர்பாக்ஸ் உறையில் நேராக இல்லை. பல்பல்லாக வெட்டிய, மரை போட்ட ஒரு பெரிய வளையம் உறைக்குள் திருகப்பட்டிருக்கும், சைட் ரிடெய்னர் என்பார்கள், அதன் நடுவில் சீல், அதைச் சுற்றி ஒரு ஓ-ரிங். இந்த வளையம் வெறும் மூடி இல்லை. டிஃபரன்ஷியலின் பக்க பேரிங் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, இதை எவ்வளவு திருகியிருக்கிறார்கள் என்பதுதான் பேரிங்கின் இறுக்கத்தையும் பற்களுக்கு இடையிலான இடைவெளியையும் தீர்மானிக்கிறது. விஷயம் தெரியாமல் ஒருவர் அதைத் திருகிக் கழற்றி, "நல்லா டைட் பண்ணிட்டேன்" என்று போட்டுவிட்டால், லீக் நிற்கும், கொஞ்ச நாளில் டிஃபரன்ஷியல் ஊளையிட ஆரம்பிக்கும். சில டாலர் சீலுக்காகத் தொடங்கிய வேலை கியர்பாக்ஸ் மாற்றுவதில் முடிகிற வழி இதுதான். உங்கள் கராஜ்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "ரிடெய்னரை எப்படிக் குறித்துக்கொண்டு கழற்றுவீர்கள்?" அவர் முழித்தால் வேறு கராஜ் பாருங்கள்.

சீல் மட்டும்தான் கசிகிறது, ஓ-ரிங் பக்கம் உலர்ந்திருக்கிறது என்றால் வளையத்தைத் தொடாமலேயே சீலைக் கொக்கிக் கருவியால் நெம்பி எடுக்கலாம், உலோகத்தைக் கீறாமல். ஓ-ரிங்கும் கசிந்தால் கழற்றத்தான் வேண்டும். அப்படியானால் பூட்டுத்தகட்டை எடுக்கும் முன் வளையத்திலும் உறையிலும் சேர்த்து ஒரு ஆழமான கோடு கீறி, படம் எடுத்து, கழற்றும்போது எத்தனை சுற்று, அதற்கு மேல் எத்தனை பல் என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மரைகளைத் துடைத்து, புது ஓ-ரிங்கில் எண்ணெய் தடவி, எண்ணிய அதே எண்ணிக்கையில் அதே கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றினால் உள்ளே டிஃபரன்ஷியல் தாங்குவதற்கு ஒன்றும் இருக்காது.

இடது சீலும் வலது சீலும் ஒன்றல்ல. உள் உதட்டில் எண்ணெயை உள்ளே தள்ளுவதற்கான சாய்ந்த வரிகள் இருக்கும், சுழலும் திசைக்கு ஏற்ப அவை மாறும். மாற்றிப் போட்டால் புது சீலே எண்ணெயை வெளியே பம்ப் செய்யும். வாங்கும்போதே எந்தப் பக்கம் என்று சொல்லி வாங்குங்கள். மலிவான சீல் வாங்கி மறுபடியும் இவ்வளவையும் கழற்றுவதில் அர்த்தமில்லை, இந்த ஒரு சாமானில் நிறுவனத்தின் அசல் சீலையே வாங்கிவிடுவது நல்லது. மாட்டும்போது தண்டின் பல்வரி மேல் மெல்லிய டேப் சுற்றி, சீலின் உதட்டில் கியர் ஆயில் தடவி, டேப்பின் மேல் வழுக்கி ஏற்றுங்கள், கூரான பல்வரி உதட்டைக் கிழித்தால் வேலை அத்தனையும் பாழ். சரியான விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டினால் கோணாமல் உட்காரும். தண்டில் பழைய உதடு தேய்த்த பள்ளம் நகத்துக்குத் தட்டுப்பட்டால் புது சீலை ஒரு மில்லிமீட்டர் முன்பின்னாக உட்காரவைத்து, உதடு புது இடத்தில் படும்படி செய்யுங்கள். சீல் போடும் முன் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கணிசமாக ஆடினால் சீல் போனதற்குக் காரணமே பேரிங் தேய்மானம்தான், எத்தனை சீல் போட்டாலும் நிற்காது.

எண்ணெய் 75டபிள்யூ-90 அடர்த்தி, ஜி.எல்-5 தரம். ஜி.எல்-4 வேண்டாம், டிஃபரன்ஷியல் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கித் தேயும் ஹைப்பாய்ட் வகை, அவற்றுக்கு அது போதாது. வடித்த பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருப்பது இயல்பு. செதிலாகவோ துண்டாகவோ உலோகம் வந்தால் சீலைப் பற்றிய கவலையை ஒத்திவைத்துவிட்டு டிஃபரன்ஷியலைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

அடியில் போனதுதான் போனீர்கள், பின் டிஃபரன்ஷியலையும் ஒரு பார்வை பாருங்கள், அதுவும் இந்த வயதில் கசியக்கூடியதே. அங்கே சீலை மாற்றும் முன் மேலே இருக்கும் காற்றுத்துளையைப் பாருங்கள். சேறும் துருவும் அடைத்திருந்தால், ஓடிச் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் மீறி எண்ணெய் வரும். துளையைச் சுத்தம் செய்ததோடு நின்றுபோன லீக்குகள் நிறைய. முன்பக்கம், புரொப்பெல்லர் தண்டு சேரும் பினியன் சீல் கசிந்தால் மட்டும் நிதானம் தேவை. அந்த நட்டு பேரிங் இறுக்கத்தோடு சம்பந்தப்பட்டது, கழற்றும் முன் குறியிட வேண்டும், இம்பேக்ட் கன்னால் இறுக்கக்கூடாது. பின் பிளக்குகள் அரை அங்குல ராட்செட்டின் சதுரமுனை நேரடியாகப் பொருந்துகிற மாதிரி இருக்கும். அளவு, நிரப்பும் துளையின் விளிம்பைத் தொடும்வரை, அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. சோதிப்பதற்காக முன் சக்கரங்களை மட்டும் தூக்கிவிட்டுக் கியரில் போட்டு ஓட்டாதீர்கள், நான்கு சக்கரமும் இணைந்த வண்டி, ஸ்டாண்டிலிருந்து குதிக்கும். அப்புறம், இந்த ஆட்டோமேட்டிக்கில் பானெட்டுக்குள் எஃப்.டபிள்யூ.டி என்று எழுதிய இடத்தில் ஒரு ஃப்யூஸ் போட்டால் பின் சக்கரங்களுக்கு விசை போவது நிற்கும். பின் டிஃபரன்ஷியலில் எண்ணெய் இல்லாவிட்டாலும் அந்த ஃப்யூஸைப் போட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். விசை போகாவிட்டாலும் பின் சக்கரங்கள் சுற்றும்போது உள்ளே பற்களும் சேர்ந்து சுற்றத்தான் செய்யும், எண்ணெய் இல்லாமல் காய்ந்து போகும்.

கடைகளில் விற்கும் "லீக் நிறுத்தி" திரவங்கள் ரப்பரை ஊதவைத்துக் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்க வைக்கும். குளிர்காலம் முடியும்வரை தள்ளிப்போட வேண்டிய நிலை என்றால் அதைவிட, வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறைவதை ஊற்றிக்கொண்டே ஓட்டுவதுதான் என் தேர்வு. ஆக்சிலரேட்டரை மிதித்து வேகம் எடுக்கும்போது ஒரு மாதிரியும், அதிலிருந்து காலை எடுத்தால் வேறு மாதிரியும் ஊளைச் சத்தம் கேட்டால் மட்டும் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

ஆக, இந்த வார இறுதியில் அட்டை, டிப்ஸ்டிக் இரண்டையும் பாருங்கள். அட்டையில் என்ன நாற்றம், எந்த இடம், முன் டிஃபரன்ஷியல் அளவு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, வலது உள் பூட் முழுசாக இருக்கிறதா என்று இந்த நான்கையும் எழுதி, கழுவிய பிறகு எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பினால் எந்த சீல் வாங்குவது என்று சொல்லிவிடுகிறேன்.